மணவாளன் வீட்டுச் சைவ நாய்

ஆரணி கொசப்பாளையத்தில் மணவாளன் வீடு எது என்று கேட்டால், எந்த மணவாளன் என்று திருப்பிக் கேட்பார்கள். கஞ்சி மணவாளன் என்று சொன்னால் போதும், கூடவே வந்து வீட்டைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். பட்டுத்தறி அவருடைய பிழைப்பு. அதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அதே தெருவில் இருந்தார்கள், அதை அவரே ஒப்புக்கொள்வார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கரண்டி. சன்மார்க்க சபையில் மாதாமாதம் பூச நட்சத்திரத்தன்று ஏழைபாழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அந்தக் கரண்டி தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே மணவாளன் கையில்தான் இருந்தது.

சபையில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கஞ்சி வாங்க வருகிறவர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஊற்றுகிற கை மட்டும் கறி, மீன், முட்டை தொடாத கையாக இருக்க வேண்டும். மணவாளன் கை பிறந்ததிலிருந்தே தொட்டதில்லை. பஜாருக்குப் போகும்போதுகூட, பிரியாணிக் கடை இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கமுமாகச் சாலையைக் கடந்து கடந்துதான் நடப்பார். பத்து நிமிடத்து நடை அவருக்கு அரை மணி நேரம் ஆகும். பூசத்தன்று கரண்டியைக் கையில் எடுத்ததும் மனிதர் முகத்தில் ஒரு மிடுக்கு வந்து உட்காரும் பாருங்கள், கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு நாய் வந்தது.

ஒரு ஐப்பசி மழையில், முள்ளிப்பட்டில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி அது. துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பழுப்பு நிறம், நெற்றியில் மட்டும் விளக்குச்சுடர் வடிவில் ஒரு வெள்ளைத் தீற்று. ஜோதி என்று பெயர் வைத்தார். அவர் மனைவி பச்சையம்மாள் முதலில் முணுமுணுத்தார், பிறகு குட்டிக்குத் தனியாகப் பால் எடுத்து வைக்க ஆரம்பித்தார். மகள் காவ்யா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். புத்தகப் பையை வைத்ததும் அவளுக்கு முதல் வேலை ஜோதியைத் தூக்குவது.

நம் வீட்டுக்கு வந்த ஜீவன் நம்மைப் போலத்தான் இருக்க வேண்டும் என்று மணவாளன் முடிவு கட்டினார். தயிர்சோறு, பருப்புசோறு, கேழ்வரகுக் களி, மிச்சமிருந்தால் கஞ்சி. தெருவில் யாராவது எலும்பைப் போட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். தினமும் விளக்கு வைத்து வணங்கியதும், தன் வலது கையால் சோற்றை உருட்டி ஜோதிக்கு ஊட்டுவார். வேறு யார் கொடுத்ததை முகர்ந்தாலும் ஒரு அதட்டல். மாதக்கணக்கில் இதே பாடம். கடைசியில் ஜோதிக்கு ஒன்று மட்டும் மண்டையில் ஏறியது: மணவாளன் கையிலிருந்து வருவதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் சாப்பாடே இல்லை. பச்சையம்மாள் வைத்தால்கூடத் தட்டைத் தொடாது.

இது ஊருக்குள் பரவிவிட்டது. விளையாட்டாகச் சிலர் ஆட்டெலும்போடு வந்து சோதித்துப் பார்த்தார்கள். ஜோதி எலும்பை ஒரு பார்வை பார்க்கும், எச்சில் ஊறும், பிறகு மணவாளனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சபைத் தலைவர் தசரதன் தன் கண்ணாலேயே இதைப் பார்த்தார். தைப்பூசத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களிடம், எங்கள் மணவாளன் வீட்டு நாயும் சன்மார்க்கத்தில் சேர்ந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். மணவாளன் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த முகத்தில் பல் அத்தனையும் தெரிந்தது.

நான்கைந்து வருடம் எந்தக் குறையும் இல்லை. ஜோதி நன்றாக வளர்ந்தது. மணவாளன் நெய்யும்போது தறிக்குழியின் ஓரத்தில் படுத்து, கால்மிதி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு சொறிய ஆரம்பித்தது. முதலில் காது, அப்புறம் வயிறு, அப்புறம் உடம்பெல்லாம். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. காற்றில் பறந்து தறியின் பாவு நூலில் ஒட்டிக்கொள்ளும் நாய் முடியைப் பச்சையம்மாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். அதுகூடப் பெரிய விஷயமில்லை. அடிவயிற்றில் தோல் சிவந்து, புண்ணாகி, நீர் வடிய ஆரம்பித்தது. சொறிந்து சொறிந்து களைத்துப்போய், ஜோதி மூச்சு வாங்கியபடி மணவாளனை அண்ணாந்து பார்க்கும். அவர் நூல் ஓடத்தைக் கீழே வைத்துவிடுவார்.

கால்நடை மருத்துவர் சுகன்யா அந்த வருடம்தான் ஆரணியில் மருத்துவமனை திறந்திருந்தார். இளம் வயது, நிதானமான பேச்சு. உண்ணி பார்த்தார், பூஞ்சை பார்த்தார், ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார். கொஞ்சம் ஆறும், மறுபடி வரும். மூன்றாவது முறை போனபோதுதான் ஜோதிக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். மணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்து, தயிர்சோற்றில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரு சொற்பொழிவாகவே சொல்லி முடித்தார். மருத்துவர் பாராட்டுவார் என்றுதான் நினைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லா நாய்க்கும் சோறு ஆகாதுன்னு நான் சொல்லலைங்க. தெருவுல எத்தனையோ நாய் சோறு தின்னுட்டு நல்லாத்தான் இருக்குது. இதுக்கு ஒத்துக்கலை. அரிசி, கோதுமை, சோளம், கேழ்வரகு எதுவும் வேணாம். கறி அதிகமா உள்ள சாப்பாடு வேணும். இப்படியே உட்டா புண்ணு உள்ள எறங்கும், நாய் தாங்காதுங்க."

கறியை வேகவைத்துக் கொடுங்கள் என்று முதலில் சொன்னார். எங்கள் வீட்டு அடுப்பில் அது நடக்காது என்று மணவாளன் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியானால் வளர்ந்த நாய்களுக்கென்று பையில் விற்கிற உலர்ந்த டாக் புட் இருக்கிறது, அதிலும் தானியம் கலக்காதது, கறி மிகுந்தது பார்த்து வாங்குங்கள் என்றார் சுகன்யா. பையின் முகப்பில் என்ன படம் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம், பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், முதலில் எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் அதிகம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மணவாளன் சுருண்டு படுத்துக்கொண்டார். கறி வாங்கித் தருவதா? ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னொரு உயிரையா? அப்படியென்றால் ஜோதியைச் சாக விடுவதா, அது எந்த ஊர் இரக்கம்? எந்தப் பக்கம் புரண்டாலும் முள்ளாகக் குத்தியது. பச்சையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் சபைக் குடும்பத்தில் பிறந்தவர்தான், கறி தொட்டு அறியாதவர்தான். ஆனால் வளைத்துப் பேசத் தெரியாது.

"நாம கறி தின்ன வேணாம்னு முடிவு பண்ணோம். நம்மளக் கேட்டுக்கினு முடிவு பண்ணோம். ஜோதிய யாருங்க கேட்டது?"

மணவாளன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, காவ்யாவைக் கூப்பிட்டார். அவள் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், பொடி எழுத்து ஆங்கிலம் படிக்க அவள்தான் வேண்டும்.

பஜாரில் திருமலையின் தீவனக் கடை இருக்கிறது. மாட்டுக்குத் தவிடு, கோழிக்குக் குருணை, ஒரு மூலையில் டாக் புட் பைகள். மணவாளனைப் பார்த்ததும் திருமலை தானாகவே ஒரு பச்சைப் பையை எடுத்து முன்னால் வைத்தார். உங்களுக்கென்றே வந்திருக்கிறது, சுத்த சைவம், ஒரு துளி கறி கிடையாது என்றார்.

மணவாளன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தெரிந்த முகம் யாரும் இல்லை. கழுத்தை நீட்டி, "கறி ஜாஸ்தியா இருக்கறது எது?" என்று கேட்டார்.

திருமலைக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, இருந்த பைகளையெல்லாம் இறக்கிப் பரப்பினார். முதல் பையில் கொழுகொழுவென்று ஒரு கோழி நின்றிருந்தது. எந்தப் புடவையைக் கையில் எடுத்தாலும் மறுபுறம் திருப்பிப் பார்ப்பது நெசவாளிக்குப் பழக்கம், பையையும் அப்படியே திருப்பினார். காவ்யா படித்தாள். மக்காச்சோளம், அரிசித் தவிடு, கோதுமை, அதற்கப்புறம்தான் கோழி, அதுவும் மாவாக்கியது. அடுத்த பையில் அரிசி இல்லை, ஆனால் கோதுமை முன்னால் நின்றது. இன்னொன்றில் கறி முதலில் இருந்தது, பார்த்தால் அது குட்டி நாய்களுக்கானது. மற்றொன்றில் வெறுமனே தானியங்கள் என்று போட்டுக் கதையை முடித்திருந்தார்கள்.

மணவாளனுக்குக் கோபம் தலைக்கேறியது. "மேல கோழிப் படம், உள்ள மக்காச்சோளமா? இதுல கறி எங்கய்யா இருக்குது? மோசடி பண்றாங்க!" என்று சத்தம் போட்டார். பிறந்ததிலிருந்து கறி தொடாத மனிதர், கறி போதவில்லை என்று நடுப் பஜாரில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சபைத் தலைவர் தசரதன் மாட்டுத் தவிடு வாங்க உள்ளே நுழைந்தார். மணவாளன் சட்டென்று தவிட்டு மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். காவ்யா துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். தசரதன் தவிடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூட்டைக்கு மேலே தன் வழுக்கைத் தலை தெரிந்ததா இல்லையா என்பது மணவாளனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பொருத்தமான பை அந்தக் கடையில் இல்லை. திருமலை சென்னைக்குப் போன் போட்டு, வெளிநாட்டிலிருந்து தருவிக்கிற ஒரு கடையைப் பிடித்தார். ஒரு வாரம் கழித்துப் பார்சல் லாரியில் பை வந்து இறங்கியது. காவ்யா பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஆட்டுக்கறி, மீன், மறுபடி ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பட்டாணி. அரிசி இல்லை, கோதுமை இல்லை, சோளம் இல்லை. வளர்ந்த நாய்களுக்கு என்று தனியாகப் போட்டிருந்தது. மருத்துவர் சுகன்யாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் இதேதான் என்று தலையாட்டி, முதல் சில நாட்கள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும் என்றார்.

மணவாளன் பையைத் தொடவில்லை. வண்டியில் ஏற்றியது திருமலை, இறக்கியது காவ்யா, கத்தரிக்கோலால் வாயைத் திறந்தது பச்சையம்மாள். வாங்கிக் கொடுத்ததோடு என் பங்கு தீர்ந்தது, இனி உங்கள் பாடு, நாயின் பாடு என்பது அவர் கணக்கு. பச்சையம்மாள் ஊறவைத்துத் தட்டில் வைத்தார். ஜோதி பாய்ந்து வந்தது. மூக்கு படபடவென்று துடித்தது, வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. சாப்பிடவில்லை. திரும்பி மணவாளனைப் பார்த்தது.

சாப்பிடும்மா என்றார் மணவாளன் தூரத்திலிருந்தே. அது வாலை ஆட்டியது, சாப்பிடவில்லை. காவ்யா ஊட்டிப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டது. மணவாளன் நீளக் கரண்டியால் நீட்டிப் பார்த்தார். கரண்டியை முகர்ந்துவிட்டு அவர் முழங்கையை நக்கியது. கையில் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுற்றிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். கை இருக்க வேண்டிய இடத்தில் சரசரவென்று வேறு என்னவோ இருப்பதைக் கண்டு ஜோதி இரண்டடி பின்வாங்கியது. அவ்வளவு அருமையாகப் பாடம் எடுத்திருந்தார் மனிதர். மறுநாளும் தட்டு அப்படியே இருந்தது. சோறும் கூடாது, தீவனமும் உள்ளே போகவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அன்று மாலை மணவாளன் விளக்கு வைத்தார். வணங்கினார். வழக்கம்போல வணங்கி முடித்ததும் ஜோதி தள்ளாடி எழுந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் வலது கையைப் பார்த்தது. முகத்தைக்கூட இல்லை, கையை. அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடமாக அது இந்தக் கையை நம்பி, இந்தக் கை கொடுத்ததையெல்லாம், தனக்கு ஆகாததையும், தின்றுகொண்டிருந்தது. எல்லா உயிரும் தன்னுயிர் என்று சபையில் வாய்கிழியச் சொல்லிவிட்டு, அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளாவது பார்த்தோமா என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. பெருமைக்காக ஒரு ஜீவனைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

பச்சையம்மாளைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டேதான் கையை உள்ளே விட்டார். பிசுபிசுவென்று இருந்தது. மீன் வாடை குப்பென்று ஏறியது. ஒரு உருண்டை எடுத்து நீட்டினார்.

ஜோதி அதை எடுத்துக்கொண்ட விதத்தைக் காவ்யா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். ஒரு நொடி நம்ப முடியாமல் அவரைப் பார்த்துவிட்டு, அப்புறம் உருண்டை எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. தட்டு காலியானதும் அவருடைய விரல் ஒவ்வொன்றையும் இடுக்கு விடாமல் நக்கித் துடைத்தது. கூச்சத்தில் மணவாளன் நெளிந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. பச்சையம்மாளும் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று பிறகு அக்கம்பக்கத்தில் சொன்னார்.

அதற்கப்புறம் வீட்டின் நேரமே மாறியது. அந்தத் தீவனத்தில் எண்ணெய்ப் பசை உண்டு, அந்தக் கையோடு பட்டைத் தொட்டால் முகூர்த்தப் புடவை கறைபட்டுவிடும். அதனால் தறியை விட்டு இறங்கிய பிறகுதான் ஊட்டுவார், ஊட்டியபின் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். வாரங்கள் போகப்போகப் புண் காய்ந்தது. சிவப்பு அடங்கியது. அடிவயிற்றில் முதல் பூனைமுடி முளைத்தபோது மணவாளன் தறியை நிறுத்திவிட்டுத் தெருக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பட்டு மாதிரி இருக்கிறதல்லவா என்று பட்டு நெய்கிறவர்களிடமே கேட்டார்.

பூசம் வந்தது. மணவாளன் சொல்லாமல் இருந்திருக்கலாம். கையைக் கழுவியாயிற்று, பார்த்தவர் யாருமில்லை. தசரதன் பார்த்திருந்தாலும் வாய் திறக்கவில்லை. ஆனால் கஞ்சி அண்டா இறங்கி, தசரதன் கரண்டியை எடுத்து நீட்டியபோது மணவாளன் வாங்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தக் கையால தெனமும் எங்க ஜோதிக்குக் கறித் தீவனம் ஊட்டிகினு இருக்கறேங்க. இனிமேலும் ஊட்டுவேன். கட்டுப்பாட்டுப்படி கரண்டியை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

கூட்டம் கசகசத்தது. மணவாளன் மன்னிப்புக் கேட்பார், பரிகாரம் ஏதாவது சொல்லலாம் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. தசரதன் கட்டுப்பாட்டை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றார். கரண்டி அபிதகுசாம்பாள் என்ற நெசவாளிப் பெண்ணின் கைக்குப் போனது. மணவாளன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அதுவரை அவர் வரிசையில் நின்று கஞ்சி வாங்கியதே இல்லை. முன்னால் நின்ற கிழவர் ஒருவர் திரும்பி, பின்னால் நிற்பது யாரென்று தெரியாமல், இன்றைக்குத் தாராளமாக ஊற்றுகிறார்கள், இத்தனை நாள் ஊற்றிய ஆள் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பான் என்று ரகசியமாகச் சொன்னார். மணவாளன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கஞ்சி சூடாக இருந்தது, துவையலும் நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காவ்யா அப்பாவையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள். அப்பாவுக்கு அந்தக் கரண்டி எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியும். தெருமுனை வந்ததும் பொறுக்க முடியாமல், வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். அதற்குள் அவர்கள் பேச்சுக்குரலைக் கேட்டு ஜோதி தெருவுக்கே ஓடி வந்துவிட்டது. மணவாளன் குனிந்து அதன் புது முடியைக் கோதிக்கொண்டே சொன்னார்:

"கரண்டி புடிக்க ஊர்ல நூறு பேரு இருக்காங்கம்மா. இதுக்கு நான் ஒருத்தன்தான்."